பவளாயி நெஞ்சில் உட்கார்ந்த மணி

கடலுக்கு இன்னும் உப்புப் பிடிக்காத காலம். அத்தனை காலத்துக்கு முந்தி முத்துத்துறை என்று ஒரு பட்டணம் இருந்தது. அங்கே பவளாயி என்று ஒருத்தி முத்துக் குளித்துப் பிழைத்தாள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு அவள் கடலுக்குள் இறங்குவாள். மேலே தோணியில் நின்று அவள் அண்ணன் இருளப்பன் கயிற்றைப் பிடித்திருப்பான்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிற ஆள் தண்ணீருக்குள் இருக்கிற வரைக்கும் கயிறு பிடிக்கிறவன்தான் அந்த ஆளுக்காகப் பேசுவான். தோணியைத் திருப்பவா என்று கேட்டாலும் சரி, இன்னும் நிற்கவா என்று கேட்டாலும் சரி, அவன் சொல்தான் சொல். தலை வெளியே வந்ததும் கயிற்று நுனியைக் கையில் கொடுத்து, "உன் பேச்சு உனக்கு" என்பான். அதோடு அவன் அதிகாரம் தீர்ந்தது. அப்புறம் அண்ணனும் தங்கச்சியும் சமமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

ஒரு நாள் பவளாயியின் கால் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. இழுத்துக் கரையில் போட்டபோது மூச்சில்லை, நெஞ்சில் துடிப்பில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான் மாகாளன் என்கிற மந்திரவாதி. பாசிப்பயறு அளவில் ஒரு மணி அவன் உள்ளங்கையில் மினுங்கியது. இதை நெஞ்சுக்குள் வைத்தால் பிழைப்பாள், வைக்கட்டுமா என்று கேட்டான். பவளாயி எங்கே பதில் சொல்ல? இருளப்பன்தான் "வையுங்க சாமி" என்று அவன் காலில் விழுந்தான்.

மணலில் தண்ணீர் இறங்குகிற மாதிரி மணி தோலுக்குள் இறங்கிவிட்டது. காயமில்லை, ரத்தமில்லை. பவளாயி எழுந்து உட்கார்ந்து, யார் வீட்டில் கஞ்சி தீய்கிறது என்று கேட்டாள். ஊரே சிரித்தது, இருளப்பன் மட்டும் அழுதான்.

பவளாயிக்கு எதையும் துருவிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. கொட்டாங்கச்சியை நெஞ்சில் கவிழ்த்துக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லி அக்கம்பக்கத்தாரைப் பிடித்து வைப்பாள். உள்ளேயிருந்து "ம்ம்... ம்ம்..." என்று ஒரு முனகல். ஒருத்தி வண்டு என்றாள். இன்னொருத்தி, உனக்குப் பசி, போய்ச் சாப்பிடு என்றாள். எதுவாக இருந்தாலும் பவளாயி முன்னைவிட ஆழத்துக்குப் போனாள், முன்னைவிட நேரம் தாக்குப்பிடித்தாள்.

அப்புறம்தான் சீட்டி கேட்டது.

முதல் சீட்டி, அவள் சாப்பிடுகிறபோது. வாய்க்குப் போன கவளம் கையில் இருக்க, கால் இரண்டும் தானாக எழுந்து மாகாளன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தின. சும்மா அடித்துப் பார்த்தேன் என்று அவன் சிரித்தான். இரண்டாம் சீட்டி, மகளுக்குச் சடை பின்னுகிறபோது. பாதிச் சடையோடு பிள்ளை கத்த, கால் கடலைப் பார்த்து நடந்தது. எடுத்த முத்தெல்லாம் மாகாளன் பெட்டிக்குப் போனது. மூன்றாம் சீட்டி, அவள் கடலின் அடியில் இருக்கிறபோது. மூச்சு முட்டியது. கயிற்றைச் சுண்ட வேண்டும், மேலே போக வேண்டும். கை அசையவில்லை. இத்தனை முத்து போதும் என்று மாகாளன் நினைக்கிற வரைக்கும் கை அசையவே இல்லை.

கரையேறிய ஈரத்தோடு அவள் மாகாளனிடம் போனாள். மணியை எடுத்துவிடச் சொன்னாள்.

"உடம்பு உன்னுது, மணி என்னுது" என்றான் அவன். "எடுத்தால் செத்துப்போவாய். உன் அண்ணன் கொடுத்த வாக்கிலே அது கட்டுண்டு கிடக்கு. நானே நினைச்சாலும் அவிழாது."

பவளாயி அண்ணனிடம் போனாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான், நான் என்ன செய்திருக்கணும் சொல்லு என்றான்.

"நீ செஞ்சது சரிதாண்ணே" என்றாள். "நீ சொல்லலைன்னா உன்கிட்டச் சண்டைபோட நான் இருந்திருக்க மாட்டேன். ஆனா அது அன்னிக்கு. இன்னிக்கு நான் முழிச்சுக்கிட்டுல்ல இருக்கேன்."

சண்டையும் போட்டு முடித்துத் தனியாக உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. மந்திரவாதியைக் கேட்டாயிற்று, அண்ணனைக் கேட்டாயிற்று. உள்ளே இருக்கிற மணியை யாராவது கேட்டோமா? கொட்டாங்கச்சியை நெஞ்சில் கவிழ்த்து, "ஏ மணி, காது கேக்குதா?" என்றாள்.

முனகல் நின்றது. "கேக்குது. இத்தனை நாளில் என்னோட பேசினது நீதான்."

"உன்னை எடுத்தா நான் செத்துருவேனா?"

"உன் நெஞ்சு எப்பவோ தானா அடிக்க ஆரம்பிச்சிருச்சு. நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்."

"அப்போ வெளிய வாயேன்."

"எனக்கும் ஆசைதான். ஆனா உன் அண்ணன் பேச்சுல்ல என்னைக் கட்டி வச்சிருக்கு. நீ தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் அவர் பேச்சுதான் உன் பேச்சு."

"நான்தான் கரையேறிட்டேனே."

"கயிற்று நுனியை உன் கையில கொடுத்தாங்களா?" என்றது மணி.

பவளாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூச்சில்லாமல் கிடந்த அன்றைக்குக் கயிற்றை யார் நினைத்தார்கள்? அதற்கப்புறம் முத்துக் குளித்த நாளில், முதலில் தங்கச்சி பிழைத்த சந்தோஷத்தில் அண்ணன் அந்த வழக்கத்தையே மறந்தான்; சீட்டி வந்தபிறகோ அவள் கால்கள் நேரே மாகாளன் பெட்டிக்கல்லவா நடந்தன. ஊர்க் கணக்குப்படி அவள் இன்னும் கடலுக்கு அடியிலேதான் இருக்கிறாள்.

மறுநாள் கரையில் ஊர் கூடியது. இருளப்பன் தோணியிலிருந்து கயிற்றை எடுத்து வந்தான். விஷயம் தெரிந்து மாகாளனும் ஓடி வந்து சீட்டி அடித்தான். பவளாயியின் கால் கடலைப் பார்த்துத் திரும்பியது. இருளப்பன் குறுக்கே பாய்ந்து அவள் விரல்களைப் பிரித்துக் கயிற்று நுனியை வைத்தான்.

"தங்கச்சி, நீ கரைக்கு வந்துட்ட. உன் பேச்சு உனக்கு."

கால் நின்றது. மாகாளன் மறுபடி சீட்டி அடித்தான், நிற்கிற கால் நின்றபடி. கன்னம் உப்ப மூன்றாம் தடவை அடித்தான், காற்றுதான் வந்தது.

மணி உள்ளேயிருந்து, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டது: "பவளாயி, இருக்கட்டுமா, போகட்டுமா?"

எடுத்தால் செத்துப்போவாள் என்று மந்திரவாதி சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. அவளுக்கும் பயம்தான். மணி சொன்னது பொய்யாக இருந்தால்? நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "போ" என்றாள்.

வியர்வை முத்து போல மணி தோலின் மேல் துளிர்த்தது. நெஞ்சு ஒரு நொடி நின்றது. இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் தட், தட் என்று அவளுடைய சொந்த நெஞ்சு, சொந்தத் தாளத்தில் அடித்தது. எங்கே போகப்போகிறாய் என்று அவள் மணியைக் கேட்டாள். போய்த்தான் பார்க்கணும் என்று சொல்லிவிட்டு அது அலைக்குள் உருண்டுபோனது.

அந்த ஊரில் மாகாளன் வைத்த மணி பலபேர் உடம்பில் இருந்தது. முழங்காலில் ஒருவருக்கு, கண்ணில் ஒருவருக்கு. அவர்கள் நினைவில்லாமல் கிடந்தபோது வேறு யாரோ கொடுத்த வாக்குதான் அதுவும்; எல்லாருக்கும் அன்றைக்கே கயிற்று நுனி கொடுத்தார்கள். சீட்டி செத்தது. இனிமேல் தினமும் காலையில் வீடு வீடாகப் போய், இருக்கட்டுமா, போகட்டுமா என்று மாகாளன் கேட்டு வர வேண்டும் என்று ஊர் கட்டளை போட்டது. பாதிப்பேர் எடுக்கச் சொன்னார்கள். மீதிப்பேர், நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும், நாளைக்கும் வந்து கேளு என்றார்கள்.

கண்ணில் மணி வைத்திருந்த வலைக்காரக் கிழவர் சங்கரப்பன் மட்டும் ஒரு நாளும் உடனே பதில் சொன்னதில்லை. "கஞ்சி குடிச்சிட்டுச் சொல்றேன், அந்த நிழல்ல உட்காரு" என்பாராம் மந்திரவாதியிடம்.

அவர் மெதுவாகத்தான் குடிப்பார்.