செம்மலை ராஜாவின் இங்கிலீஷ் மனு

கும்பினிக்காரன் கப்பலில் வந்து வரி வாங்கும் கச்சேரி போட்டு உட்கார்ந்த காலத்தில், செம்மலைப் பாளையத்தை மாறப்ப ராஜா ஆண்டார். அவருடைய பட்டங்களை முழுக்கச் சொல்லி முடிக்காமல் யாரும் விஷயத்துக்கு வரக்கூடாது. அந்த அரண்மனையின் வழக்கம் அப்படி.

எல்லைத் தகராறில் அவருடைய ஒரே மகன் கதிரப்பனைக் கும்பினியார் சிறையில் அடைத்தார்கள். உள்ளே அவனுக்குக் கடும் காய்ச்சல். கலெக்டருக்கு உடனே மனு போகவேண்டும்.

"நான் எழுதுகிறேன் பிரபு. மந்திரி உலகப்பனுடையது துறைமுகத்தில் உப்பு விற்றுப் பொறுக்கிய இங்கிலீஷ். கலெக்டர் சிரிப்பார்" என்றான் அரண்மனைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி நாகோஜி.

எழுதினான். பக்கம் பக்கமாக ஒரே வாக்கியம், அத்தனையும் பட்டங்கள். ராஜா பூரித்துப்போய் அவனுக்குச் சால்வை போர்த்தினார். மனு போயிற்று; பதில் வரவில்லை.

"சுருக்கி எழுதலாம் பிரபு" என்றார் உலகப்பன்.

"என் பட்டங்களை வெட்டவா? வாயை மூடும்!"

மறுநாள் சாப்பாட்டில் ராஜாவுக்கு விக்கல். "தண்ணீர்!" என்றார். செம்பைக் கையில் பிடித்தபடி உலகப்பன் ஆரம்பித்தார்: "மூன்று குன்றுகளை ஆள்பவரும், புலியை ஒரே வெட்டில் சாய்த்தவரும், பகைவர் கனவிலும் நடுங்குகிற..."

"யோவ், தண்ணியக் குடுய்யா!"

கொடுத்தார். "கோபிக்காதீர்கள். தமிழில் வினை கடைசியில் வரும், காத்திருந்து நமக்குப் பழக்கம். இங்கிலீஷ்காரனுக்கு யார், என்ன என்பது முதலில் வேண்டும். மற்றதெல்லாம் அதைப் பிடித்துத் தொங்குகிற கிளைகள். நாகோஜி மனுவில் கிளைதான் இருக்கிறது. மகனை விடு என்கிற அடிமரம் கடைசிப் பக்கத்தில் கிடக்கிறது. அதுவரை எவன் படிப்பான்?"

ராஜா முகம் வெளுத்தது. "எழுதும்."

உலகப்பன் எழுதினார்: 'என் மகன் உங்கள் சிறையில் சாகக் கிடக்கிறான். அவனை விடுங்கள்.'

"இவ்வளவுதானா?"

"ஒன்று செய்தி. ஒன்று வேண்டுகோள். வேறென்ன கேட்கவேண்டும் பிரபு?"

கலெக்டர் நின்றபடியே படித்துக் கையெழுத்துப் போட்டார். "இதை முன்பே சொல்லக்கூடாதா?" என்றாராம்.

பல்லக்கு ஓடியது. திரும்பி வந்தது பிணம்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி உலகப்பன் கழுத்தில் போட்டார். மந்திரி அழுதார். நாகோஜிக்குப் போர்த்திய சால்வையை உருவக் கை நீட்டிய ராஜா பாதியில் நிறுத்திக்கொண்டார். "போய்யா. நீ எழுதினாய், கேட்டு ரசித்தவன் நான்."

பிறகு பல்லக்குத் தூக்கியிடம் கேட்டார்: "கடைசியாக ஏதாவது சொன்னானா?"



"காவல்காரன் சொன்னானுங்க, சாமி. 'எங்கப்பா என்னை விடச் சொல்லிக் கேக்கவே இல்லையா'ன்னு தினம் கேட்டாராம்."