தார்ப்பாய் போட்ட விறகு

"அம்மா, விறகுப் பொறுப்பை வேற யாருக்காவது குடுத்துடுங்க. என்னால முடியல."

கேட்டவர் தில்லைநாயகம், வயது அறுபது. மலை மடத்தின் குரு நாச்சியாரம்மாளுக்கு நாற்பதுதான்.

"ஏன் ஐயா?"

"விறகுக்காரன் பச்சை மரத்தக் குடுத்து ஏமாத்திட்டான்."

பாவம் விறகுக்காரன், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. சித்திரையில் பிளந்த கட்டைகளை அடுக்கி, தரை வரை தார்ப்பாய் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கியவர் தில்லைநாயகம்தான். மேலே மட்டும் மூடுங்கள், பக்கத்தில் காற்று போகட்டும் என்று குரு அன்றே சொன்னார்.

"முப்பது வருஷம் நெல்லுக் கிடங்கு பாத்தவன் அம்மா நான்," என்று சிரித்தார் இவர். நெல் மூட்டையை அப்படித்தான் மூடுவார்கள். விறகு என்ன நெல்லா?

மார்கழியில் உறைபனி விழுந்ததும் அவிழ்த்தார். உள்ளே ஈரம் போகாமல் முக்கால்வாசிக் கட்டை பூசணம்.

மடம் முழுக்கப் புகை. சமையல் பார்க்கும் பேச்சியம்மாளுக்கு ஏற்கெனவே இளைப்பு. நாலு நாளாக மூச்சுக்குத் திணறுகிறார்.

குரு தன் அறையில் எரிந்த கணப்பைக் காட்டினார்.

"இங்க புகையே இல்லையே ஐயா?"

தில்லைநாயகம் தலை குனிந்தார்.

"காஞ்சதாப் பொறுக்கி இங்க போட்டேன்."

"எதுக்கு?"

"உங்களுக்குக் குளிரக் கூடாதுன்னு..."

குரு ஒரு கட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இல்லம்மா. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

சொன்னதும் அவருக்கு, இந்த வயதில் இப்படி ஒரு திருட்டுத்தனமா என்று வெட்கமாக இருந்தது.

குரு மிச்சமிருந்த காய்ந்த கட்டைகளை எடுத்து அவர் கைகளில் அடுக்கினார்.

"பேச்சியம்மாகிட்ட கொண்டு போங்க."

"வேற யார்கிட்டயாவது குடுத்து அனுப்புங்கம்மா. அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

குரு எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

அடுப்படியில் பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் கட்டைகளை இறக்கினார். உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"தெரியும்யா," என்றார் பேச்சியம்மாள். "அடுப்படியில கெடக்கறவளுக்கு விறகு தெரியாதா? நீங்க பொறுக்கி எடுத்ததையும் பாத்தேன்."

"அப்புறம் ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

அவர் கொஞ்சம் இருமினார். மூச்சு திரும்ப நேரமானது.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."