நாற்பது அறைக் கோட்டையும் ஓர் ஓடமும்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு அறுபத்திரண்டு. தாடி இருவருக்குமே கிடையாது.

குருவின் பெயர் சுலைகா. சிங்காநல்லூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதே கட்டடத்தின் மாடியறையில் கதை விளையாட்டு நடத்துவார். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டியது. ஆளுக்கொரு பாத்திரம். நடத்துபவர் உலகத்தைச் சொல்வார்: இங்கே காடு, அங்கே ஆறு, எதிரே ஒரு கரடி. என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். மற்றவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். பெரிய எண் விழுந்தால் நடக்கும்.

சீடர் மருதாசலம் பம்பு கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். மனைவி மயிலாத்தாளுடன் ஒரு ஞாயிறு வேடிக்கை பார்க்க வந்தார். இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் அவருக்கு ஆசை வந்துவிட்டது. தானும் ஒரு கதை நடத்த வேண்டும். சுலைகா சரி என்றார்.

மருதாசலம் மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு கோட்டை வரைந்தார். நாற்பது அறை. ஒவ்வொரு கதவுக்கும் அளவு. எந்த அறையில் யார் என்ன சொல்வார்கள், எங்கே பயப்படுவார்கள் என்பதுவரை ஓரத்தில் எழுதியிருந்தார். பம்பு என்றால் தண்ணீர் வரைந்து கொடுத்த வழியில்தான் போகும். மனிதர்களும் அப்படித்தான் என்று நம்பியது முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

கோட்டைக்குப் போகும் வழியில் ஓர் ஆறு. ஆற்றில் ஓர் ஓடம். ஓடம் சும்மா அழகுக்குப் போட்டது.

அந்த ஞாயிறு சுலைகாவுக்குக் கீழே வேலை இருந்தது. மேசை முழுக்க மருதாசலத்தின் பொறுப்பு. மயிலாத்தாளின் பாத்திரம் ஊர் ஊராகப் போகும் பச்சிலை வைத்தியச்சி. ஓடத்தைப் பார்த்ததும், கோட்டை கிடக்கட்டும், இதில் ஏறி ஆற்றில் மேலே போகிறேன் என்றார். கூட விளையாடிய தனபாலும் அவர் தம்பியும் நாங்களும் வருகிறோம் என்றார்கள்.

மருதாசலம் புயலை வரவழைத்தார். ஓடம் கவிழ்ந்தது. அவர்கள் நீந்திக் கரையேறி ஓடத்தை நிமிர்த்தினார்கள். பலகையைக் கரையான் அரித்துவிட்டது என்றார் மருதாசலம். தண்ணீரில் கிடந்த பலகையைக் கரையான் அரித்த அதிசயம் அன்றைக்குத்தான் நடந்தது. தச்சனைத் தேடினார்கள். ஊரிலிருந்த தச்சர்கள் மொத்தப் பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஒருத்தனாவது மிஞ்சியிருப்பான் என்று மயிலாத்தாள் பகடையை உருட்டினார். இருபது விழுந்தது. தனபாலும் தம்பியும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பகடை தண்ணீர் பாட்டிலில் இடித்துவிட்டது, செல்லாது என்றார் மருதாசலம்.

கடைசியில் வீரர்கள் வந்து மூவரையும் கட்டிக் கோட்டைக்கு இழுத்துப் போனார்கள். முதல் அறையில் உட்கார்ந்த வைத்தியச்சி எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தொன்பது அறைகள் ஆளில்லாமல் கிடந்தன.

ஸ்கூட்டரில் வீடு திரும்பினார்கள். வாசலில் மயிலாத்தாள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்றார். ஏன் என்று கேட்டார் மருதாசலம்.

"கண்ணாலமான நாள்ல இருந்து எங்க போறதுன்னு நீங்கதான் சொல்றீங்க. நானும் வந்துட்டுதான் இருக்கறேன். குத்தஞ் சொல்லலீங்க. அங்க ஒரு ஓடத்துல நானா ஏறுனேன். அதையும் கவுத்துப் போட்டீங்க."

அன்றைக்கு மருதாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளும் சரியாக இறங்கவில்லை. மயிலாத்தாள் வராத மேசையில் தான் மட்டும் போய் உட்காருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், சுலைகா சோதனைக் குழாய்களை அடுக்கிவிட்டுக் கை கழுவும் நேரத்தில் போய் நின்றார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கரையானைக்கூட விடவில்லை.

"ஒண்ணு மட்டும் புரியல அம்மணி. அவங்கவங்க இஷ்டத்துக்குப் போறதுன்னா, நடத்தறவனுக்கு அங்க என்ன வேல?"

சுலைகா கையைத் துடைத்துக்கொண்டு அவரை மாடிக்குக் கூட்டிப் போனார். மேசைக்கு முன்னால் உட்கார வைத்துப் பகடையைக் கையில் கொடுத்தார்.

"இப்ப நீங்க ஓடக்காரர். பேர் என்னங்க?"

மருதாசலம் விழித்தார். நாற்பது அறைக்கும் பெயர் வைத்தவர் ஓடக்காரனுக்கு வைக்கவில்லை. வாயில் வந்தபடி சின்னான் என்றார்.

வைத்தியச்சி ஓடத்தில் ஏறிவிட்டார், மேலே போக வேண்டும் என்கிறார், என்ன செய்கிறீர்கள் என்று சுலைகா கேட்டார். துடுப்புப் போடுவேன் என்றார் சின்னான்.

பாதி ஆற்றில் சுழி வந்தது. சுலைகா கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் சுழி, ஓடத்தின் அடியில் ஓட்டை. மருதாசலம் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். ஓட்டையில் தலைத்துண்டை அடைத்தார். பகடையில் ஏழு விழுந்தது, ஓடம் பாறையில் உரசியது. பாரம் குறைக்க ஒரு பச்சிலை மூட்டையை ஆற்றில் போடலாமா என்று வைத்தியச்சியைக் கேட்டார். முடியவே முடியாது என்று வைத்தியச்சிக்குப் பதிலாகச் சுலைகா தலையாட்டினார். சரி, நான் பட்டினி கிடக்கிறேன் என்று தன் சோற்றுப் பானையைத் தூக்கி வீசிவிட்டுத் துடுப்பை வளைத்து இழுத்தார். பகடை உருண்டது. பதினெட்டு.

ஓடம் சுழியைத் தாண்டியது. மருதாசலம் போட்ட சத்தத்தில் கீழேயிருந்த காவலாளி ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"வேல இருந்துதுங்களா, சார்?"

"மூச்சு விட நேரமில்ல அம்மணி."

முகமெல்லாம் வேர்வை. அதற்குமேல் சிரிப்பு. ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மேலே என்ன இருக்கிறது, அந்த அம்மா எங்கே போகிறார் என்று ஆவலாகக் கேட்டார்.

"அது எனக்கு எப்படிங்க தெரியும். ஏறினவங்களக் கேளுங்க."

மருதாசலம் பகடையை மேசையில் வைத்தார். பிறகு செல்போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார்.

"மயிலா, அந்த ஓடத்துல ஏறி எங்க போலாம்னு இருந்த?"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. மயிலாத்தாள் முதலில் தயங்கித்தான் ஆரம்பித்தார். மேலே ஓர் ஊர் இருக்கிறதாம். அங்கே நாய்கள் பேசுமாம், ஆனால் பேசுவது அத்தனையும் பொய்யாம். அதைத் தாண்டினால் மழையை மூட்டை கட்டி விற்கிற சந்தை. அதற்கும் மேலே, ஆறு பிறக்கும் இடத்தில் வைத்தியச்சிக்கு ஓர் அக்கா. இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. விட்ட இடத்திலிருந்து அந்தச் சண்டையைப் பிடிக்கத்தான் இவ்வளவு தூரம் போவது. மூன்று நாளாகப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் இதே நினைப்பாம்.

மருதாசலம் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று கடைசியில் மயிலாத்தாளே கேட்டார். எப்போது சொல்கிறாயோ அப்போது என்றார் இவர்.

போனை வைத்துவிட்டுக் குருவைப் பார்த்தார். மனது நிறைந்திருந்தது. ஆனாலும் பழைய கவலை ஒன்று மூலையில் எட்டிப் பார்த்தது.

"அம்மணி, அவ சொல்ற ஊர் ஒண்ணுகூட என் படத்துல இல்ல. நான் என்னத்த நடத்தறது?"

சுலைகா மின்விசிறியை நிறுத்தினார்.

"அப்ப நீங்களும் பார்த்ததில்ல. கூடப் போய்ப் பார்த்துட்டு வாங்க, சார்."