நீர்க்காகம் ஏன் சிறகை விரிக்கிறது

அந்தக் காலத்தில், பறவைகளுக்கும் பேச்சு வாய்த்திருந்தபோது, ஒரு பெரிய ஏரியில் நீர்ப்பறவைகள் எல்லாரும் கூடித்தான் மீன் பிடிப்பார்கள். பிடித்ததைக் கரையில் குவிப்பார்கள். தலைவர் கூழைக்கடா தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்வார். மிச்சம் கூடுகளுக்குப் போகும். முங்கி என்ற நீர்க்காகத்துக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆழத்துக்குப் போய் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஏரியிலும் மீனுக்குப் பஞ்சமில்லை.

முதல் மழைக்குச் சினைமீன்கள் ஓடையை எதிர்த்து ஏறி வரும். முட்டையிட்டுத் திரும்பும் வரை யாரும் அவற்றைத் தொடுவதில்லை. அந்த வருஷம் கூழைக்கடா, "வயிறு பெருத்த மீன் கண்ணெதிரே போகுது, வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களே!" என்றார். அள்ளினார்கள். முங்கியும் வயிறு கொள்ளாமல் தின்றாள். தலைவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

அடுத்த வருஷம் ஏரியில் தண்ணீர் இருந்தது, மீன் இல்லை.

கூட்டம் கூடியது. தலைவரின் பங்கை முடிவு செய்பவர்கள் இரண்டு நாரைகள். அவர் வாயிலிருந்து சிந்துவதுதான் அவர்களுக்குச் சாப்பாடு. மூத்த நாரை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மீன் குறைஞ்ச காலத்துலதான் தலைவருக்குத் தலைவலி அதிகம். அதனால அவர் பங்கை ரெண்டு மடங்கு ஆக்கியிருக்கோம்."

"எங்க தலைவலிக்கு எத்தனை மடங்குங்க அண்ணே?" என்றாள் நீர்க்கோழி. எல்லாரும் சிரித்தார்கள்.

"சிரிங்க, சிரிங்க. அவர் அடுத்த ஏரிக்குப் போயிட்டா அப்புறம் அழுவீங்க" என்றார் மூத்த நாரை.

சிரிப்பு அடங்கிப்போனது. முங்கிக்குக் கூட்டில் ஒற்றைக் குஞ்சு. தலைவரும் போய்விட்டால் என்ன ஆகுமோ என்று அவளுக்கும் பயம்.

அதன்பிறகு குவியலில் தலைவர் பங்கு போக மிஞ்சியது சேறுதான். குஞ்சின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. ஒருநாள் காலையிலிருந்து தண்ணீரில் முங்கி முங்கித் தேடியவளுக்குப் பொழுது சாயும்போது விரல் நீளக் கெண்டை ஒன்று கிடைத்தது. அதைச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டு கரையேறினாள்.

"என்ன முங்கி, சிறகை இறுக்கிப் பிடிச்சிருக்கே?" என்றார் கூழைக்கடா.

"குளிருதுங்க ஐயா."

"விரி, பார்ப்போம்."

விரித்தாள். கெண்டை மண்ணில் விழுந்து துடித்தது.

"ஐயா, புள்ள கண்ணே தொறக்க மாட்டேங்குது. இந்த ஒண்ணு மட்டும்..."

"ஆளாளுக்கு ஒளிச்சு வெச்சா நான் எப்படிம்மா ஏரியை நடத்துறது?" நிஜமாகவே மனம் நொந்தவர் போலத்தான் கேட்டார். அலகுக்குக் கீழே தொங்கும் பை ஏற்கெனவே நிறைந்திருந்ததால், கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்திக் கெண்டையை விழுங்க வேண்டியிருந்தது.

முங்கி கூட்டுக்கு ஏறியபோது குஞ்சு வாயைத் திறந்தபடியே கிடந்தது. சத்தம் வரவில்லை. மூக்கால் தொட்டாள். சில்லிட்டிருந்தது.

கொஞ்ச நாளில் கூழைக்கடா தொங்கும் பையோடு அடுத்த ஏரிக்குப் பறந்தார். அவ்வளவு பெரிய ஏரியை ஆண்டவர் என்று அங்கே மாலை போட்டு அழைத்துக்கொண்டார்களாம்.

இங்கே மெதுவாக மீன் திரும்பியது. ஆனால் முங்கி ஒவ்வொரு முறை கரையேறும்போதும் ஒரு கல்லில் நின்று இரண்டு சிறகையும் விரித்தாள்.

"மடக்கு அக்கா. இப்ப யாரு சோதிக்கிறா?" என்று நீர்க்கோழி கெஞ்சிப் பார்த்தாள். முங்கி மடக்கவில்லை. பிறகு பொரித்த குஞ்சுகளும் தாயைப் பார்த்து அப்படியே நின்றன.

ஈரம் காய வைக்கிறது என்று நாம் பேசிக்கொள்கிறோம். அன்று முதல்தான் நீர்க்காகம், தண்ணீரைவிட்டு ஏறியதும், யாரும் கேட்பதற்கு முன்பே சிறகை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்கிறது.