நாற்பது கையெழுத்து

மேலக்கொத்தனூர் கூட்டுறவு வங்கியில் இருபத்தெட்டு வருஷம் காசாளராக இருந்த தில்லைநாயகி, ஓய்வு பெற்றதும் தேர்தலில் நின்று சட்டமன்ற உறுப்பினர் ஆனார். சபையில் அவருக்குக் கடைசி வரிசைதான்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியைத் தன் சொந்த ஊருக்கு மாற்ற அமைச்சர் திருமேனிநாதன் உத்தரவு போட்டார். அடுத்த ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். தில்லைநாயகி எழுந்து ஆட்சேபித்தார்.

அமைச்சர் சிரித்தார். "அம்மா, இது நோட்டு எண்ணுகிற வேலை இல்லை. ஆஸ்பத்திரியை மாற்றச் சம்மதம் என்று அந்த ஊர்ப் பெரியவர்கள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட மனு இதோ. பொய் என்றால் இப்போதே நிரூபியுங்கள்."

தில்லைநாயகி மனுவை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"அமைச்சருக்கு நன்றி சொல்லணும்."

"எதற்கு?"

"இந்த நாற்பது பேரும் போன வருஷம் வரை என்னிடம் கைநாட்டு வைத்துத்தான் பென்ஷன் வாங்கினார்கள். வங்கியில் கேட்டால் காட்டுவார்கள். அதற்குள் எல்லோருக்கும் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டாரே! அதுவும் ஒரே மாதிரி எழுத்தில்."

சபை சிரித்து அடங்க நேரமாயிற்று. பேரவைத் தலைவர் மனுவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு அமைச்சரைப் பார்த்தார்.

உத்தரவு ரத்து என்று திருமேனிநாதனே எழுந்து சொல்ல வேண்டியதாயிற்று.