ஒன்றுமில்லாத அண்டா

மேட்டுச்சாமியின் மடத்தில் வாய் உள்ள சீடர் ஆவுடையப்பன்தான். வெள்ளிக்கிழமை தோறும் மடத்துக்கு வருகிற சனங்களுக்கு அவர்தான் பேசுவார். உடம்பு என்றால் என்ன, உயிர் என்றால் என்ன, துன்பம் எதனால் வருகிறது என்று அடுக்கிக்கொண்டே போவார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் அன்று காலை ஆற்றைத் தாண்டி, மேட்டில் ஏறி வந்தார். மடத்து வாசலில் செருப்பை உதறினார். சாமியைக் கும்பிடக்கூட இல்லை.

“சாமி, எங்க அக்காவை என்னால கட்டி மேய்க்க முடியாது.”

சாமி, படித்துறையில் பூசுவதற்காகச் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருவர் சாமி, ஒருவர் சீடர், அவ்வளவுதான் வித்தியாசம்.

“என்னவாம்?”

“ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கா.”

அக்கா பிரமநாயகி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஊருக்குள் தனியாக இருப்பவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகன் சூரத்தில். மாரில் ஒரு கட்டி என்று ஆவுடையப்பன்தான் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சதையைக் கிள்ளியெடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். சொன்னது ஆவுடையப்பனிடம். அக்கா வெளியே பெஞ்சில் இருந்தாள். “அவகிட்டச் சொல்லிராதீங்க டாக்டர், தாங்கமாட்டா” என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு, வெளியே வந்து, “வெறும் கொழுப்புக் கட்டிதான்” என்று சிரித்துக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை வந்து சேர வேண்டும், மறுநாள் ஆபரேஷன், இனித் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்றைக்குப் புதன்.

“நான் என்ன சொல்லாம விட்டேன் சாமி? தைரியமா இருன்னேன். ஒண்ணுமே இல்லைன்னேன். எல்லாம் மனசுலதான் இருக்குன்னேன். அதுக்கு அவ கேக்கா, ‘ஒண்ணுமில்லாததை எதுக்குலே அறுக்கணும்’னு.”

சாமி சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்க சாமி.”

“நியாயமாத்தானே கேக்கா.”

“அவ நியாயத்தைக் கேட்டுக்கிட்டு இருந்தா வெள்ளிக்கிழமை போயிரும். நீங்க நாலு வார்த்தை சொல்லிக் கொடுங்க. அவளுக்குத் தைரியம் வரணும். நோய் மட்டும் தெரிஞ்சிரக் கூடாது.”

“ஊர்ல யாருக்கெல்லாம் தெரியும்?”

“எல்லாருக்கும் தெரியும். நான்தான் சொன்னேன். ஆளுக்கொரு தடவை போயி ஆறுதலாப் பேசுங்க, நோயை மட்டும் வாயில எடுத்திராதீங்கன்னு சொல்லி அனுப்பினேன்.”

“போனாங்களா?”

“கோயில் கொடைக்குக் கூட்டம் கூடுற மாதிரி, சாத்துக்குடியும் கையுமாப் போனாங்க. வந்தவங்களுக்கெல்லாம் காப்பி போட்டுப் போட்டே பால் தீந்துபோச்சாம். அதுக்கும் என்னையத்தான் ஏசுதா.”

“நீரும் குடிச்சீரா?”

“குடிச்சேன்.”

சாமி கையைக் கழுவினார். மடத்தின் பின்பக்கம் ஒரு பெரிய பித்தளை அண்டா இருந்தது. வாயை ஈரச் சாக்கால் மூடி, கயிற்றால் கட்டியிருந்தது.

“அதைப் படித்துறைக்குக் கொண்டுவாரும்.”

“இப்பவா? சாமி, நான் என்ன பாடு பட்டுக்கிட்டு வந்திருக்கேன்...”

“கொண்டுவாரும். பேசிக்கிட்டே போவோம்.”

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். அண்டாவின் இரண்டு காதுகளையும் பிடித்துத் தூக்கினார். அது அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் இழுத்ததும் முழங்கால் உயரத்துக்கு வந்தது. அதைத் தொடையில் முட்டுக்கொடுத்துத் தள்ளாடி நடந்தார். சாமி பக்கத்திலேயே கையை வீசிக்கொண்டு வந்தார்.

“இதுல என்ன சாமி இருக்கு?”

“ஒண்ணுமில்லை.”

கொஞ்ச தூரம் போனதும் ஆவுடையப்பன் அதை இறக்கி வைத்தார்.

“ரொம்பக் கனமா இருக்கு சாமி.”

“எல்லாம் மனசுலதான் இருக்கு. தைரியமாத் தூக்கும்.”

மறுபடி தூக்கினார். இந்தத் தரம் உள்ளே இருந்தது ஒரு பக்கமாகச் சரிந்தது. அண்டாவோடு அவரும் சரிந்தார்.

“போன வருசம் ஒருத்தரு வந்தாரு,” என்றார் சாமி. “இதைவிடப் பெரிய அண்டா. ஒரே மூச்சுல தூக்கிட்டுப் போனாரு. இப்ப ஜம்முனு இருக்காரு.”

“சாமி, உள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க. உருளுது.”

“அதையெல்லாம் நீர் நினைக்காதேயும். நல்லதையே நினையும். சாத்துக்குடி உரிச்சுத் தரட்டா?”

ஆவுடையப்பன் அண்டாவை மடார் என்று கீழே போட்டார். நல்லவேளை, காலில் விழவில்லை.

“என்ன விளையாட்டு சாமி இது! தூக்குறவன் நானு. ஒண்ணுமில்லைன்னு நீங்க சொல்லிட்டா எனக்குக் கனம் தெரியாமப் போயிருமா? உள்ள இருக்கது இன்னதுன்னு சொன்னா, எப்படிப் பிடிக்கணும், எங்க இறக்கணும்னு நானே பாத்துக்கிடுவேன். அதைச் சொல்லாம, பக்கத்துல கையை வீசிக்கிட்டு வந்து ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைன்னு...”

பேச்சு நின்றது. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

“வேர்வையைத் துடையும். வெயில் ஏறுமுன்னே ஆத்தைத் தாண்டும்.”

பாதி வழியில் கிடந்த அண்டாவை அப்படியே விட்டுவிட்டு ஆவுடையப்பன் போனார்.

அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் பால் சட்டியைக் கையில் எடுத்தாள்.

“வாலே. காப்பிக்குத்தானே வந்தே?”

“இன்னைக்கு நான் போடுதேன். நீ உக்காரு.”

“சட்டியத் தீய வச்சிராதே.”

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் பாலை அடுப்பில் வைத்தார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவரால் பேச முடிந்தது.

“அக்கா, அது கொழுப்புக் கட்டி இல்லை.”

“ம்.”

“புத்துநோய்.”

“பால் பொங்குது பாரு.”

அவர் அவசரமாக அடுப்பைத் தணித்தார். திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“உனக்குத் தெரியுமா?”

“கீழவீட்டுப் பேச்சி இருக்காள்லா? அவ வீட்டு முருங்கைக் கிளை எங்க பக்கம் சாஞ்சுதுன்னு சண்டை வந்து என்கூடப் பேச்சை விட்டவ. போன வாரம் சாத்துக்குடியோட வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா. ‘மரம் முழுக்க நீயே பறிச்சுக்கிடுக்கா’ன்னுட்டுப் போனா. இதுக்கு மேல எனக்கு எந்த டாக்டரு வந்து சொல்லணும்?”

“தெரிஞ்சவ ஏன் என்கிட்டக் கேக்கலை?”

“எப்படிலே கேக்க? என் முன்னால பல்லைக் காட்டிட்டு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால போயி அழுதுட்டு வாரே. நீ தாங்கமாட்டேன்னு நானும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வாரவங்களுக்கு எல்லாம் காப்பியும் போட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி சிரிக்கவும் செய்யணும். நோயைக்கூடத் தாங்கிருவேன். இந்த நடிப்பு அலுத்துப்போச்சுலே எனக்கு. இதோட ஆஸ்பத்திரியில போயும் சிரிச்சிக்கிட்டுப் படுத்துக் கிடக்கணுமாக்கும்? அதான் வரலைன்னேன்.”

ஆவுடையப்பன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“நான் செத்துப்போவேனா?” என்று கேட்டாள் அக்கா.

வெள்ளிக்கிழமைகளில் பேசியது எல்லாம் அவர் தொண்டை வரைக்கும் வந்தது. உடம்பு நிலையில்லாதது, உயிருக்கு அழிவில்லை, எல்லாம் வந்தது. இப்போது அக்காவின் முகத்துக்கு நேரே அதில் ஒரு சொல்லைக்கூட எடுத்து வைக்க முடியவில்லை.

“தெரியலைக்கா.”

“டாக்டரு என்ன சொன்னாரு? ஒண்ணுவிடாமச் சொல்லு.”

சொன்னார். அந்தப் பக்கத்து மாரையே எடுத்துவிடுவார்கள் என்றார். பிறகு நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்களாம், வாந்தி வருமாம், முடி கொட்டுமாம்.

“திரும்ப வளருமா?”

“முடி வளருமாம்.”

“அறுத்தாப் பொழைச்சிருவேனா?”

“வழி இருக்குன்னாரு. உறுதியாச் சொல்லலை. ஆனா நிறையவே இருக்குன்னாரு.”

அக்கா அழுதாள். ஆவுடையப்பனும் அழுதார். இந்தத் தரம் அவர் மாட்டுக்கொட்டகைக்குப் போகவில்லை.

அழுது முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு அக்கா தம்ளரை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

“இது காப்பியாலே?”

“நல்லா இல்லையா?”

“கழுநித்தண்ணி தேவலை.”

ஆனால் மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

சாயங்காலம் ஆவுடையப்பன் மேடேறி வந்தபோது சாமி பாதி வழியில், அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன வே, என்ன ஆறுதல் சொன்னீரு?”

“ஆறுதலா ஒண்ணும் சொல்லலை சாமி. அவ கேட்டதுக்குத் தெரியலைன்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

“வெள்ளிக்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டா. நானும் கூடப் போறேன். ஆபரேஷன் முடிஞ்சு, மருந்து ஏத்தி முடியிற வரைக்கும் அங்கதான். இனிக் கொஞ்ச நாளைக்கு இங்க வெள்ளிக்கிழமை பேச முடியாது.”

“சனங்க சந்தோசப்படும்.”

ஆவுடையப்பன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்தார்.

“சாமி, அவகிட்டச் சொல்லிட்டேன். இப்ப எனக்குத்தான் பயமா இருக்கு. அவளுக்கு ஏதாவது ஆயிட்டா... எனக்கு நீங்க ஏதாவது தைரியம் சொல்லுங்க.”

சாமி அண்டாவின் கயிற்றை அவிழ்த்தார். ஈரச் சாக்கை எடுத்து ஒதுக்கிப் போட்டார். அண்டாவின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“கருங்கல்லு. கனமாத்தான் இருக்கும். அந்தக் காதை நீர் பிடியும்.”