ப இல்லாத சொல்

பூவராகனுக்கு ப வராது. மற்ற எழுத்தெல்லாம் மளமளவென்று வரும். ப-வில் தொடங்கும் சொல் வந்தால் மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளும், திக்கும். பழம் வேண்டுமென்றால் கடையில் விரலை நீட்டுவார். பஸ்ஸை வண்டி என்பார். அத்தனை கெட்டிக்கார மனுஷர், நாற்பத்தாறு வயசு வரைக்கும் ஓர் எழுத்துக்குப் பயந்து ஒளிந்துகொண்டே இருந்தார்.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்தில் அவருக்கு உதவியாளர் வேலை. அங்கே ஆறு கம்ப்யூட்டர் வந்து இறங்கின. வாசகர்களுக்கு அடிப்படை சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அதிகாரி முன்னால் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டினால் பூவராகனுக்கே அந்தப் பொறுப்பு. சொதப்பினால் வெளியூர் ஆள் வந்துவிடும்.

அவருக்கு அந்த வகுப்பின் மேல் ஆசை என்றால் அப்படியோர் ஆசை. இருபது வருஷமாகப் புத்தகத்தை எடுத்து நீட்டியிருக்கிறாரே தவிர, வாயைத் திறந்து ஒருத்தருக்கு ஒன்றைச் சொல்லித் தந்ததில்லை.

அதற்காகவே கடைத்தெரு மாடியில் கம்ப்யூட்டர் மையம் நடத்தும் தஸ்லிமா டீச்சரிடம் மூன்று மாசம் படித்தார். டீச்சருக்கு முப்பது வயசுதான். இருந்தாலும் அவர் முன்னால் பூவராகன் நின்றுகொண்டுதான் பேசுவார்.

மாதிரி வகுப்புக்கு முந்தின நாள் ஒரு தாளோடு வந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

தாளில் ஒரு பட்டியல் இருந்தது. பாஸ்வேர்டுக்குக் கடவுச்சொல். பிரவுசருக்கு உலாவி. பிங் என்பதற்கு 'கூப்பிட்டுக் கேட்டல்'. எல்லா ப-வையும் களை பிடுங்குவதுபோல் பிடுங்கிவிட்டார். கம்ப்யூட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் பாக்கெட் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. பொட்டலம் என்றாலும் ப. பொதி என்றாலும் ப. சிப்பம் என்றால் சனங்கள் அரிசி மூட்டையைத் தேடும், துண்டு என்றால் தோளைத் தடவும்!

"இதுக்கு அந்த எழுத்து இல்லாம ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் எழுந்தார். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து அடுத்ததற்கு கேபிள் வழியாக ஒரு வீடியோவை அனுப்பினார். அது பாதி போனதும் கேபிளைப் பிடுங்கினார்.

"ஐயையோ!" என்றார் பூவராகன்.

டீச்சர் செருகினார். மறுபடி பிடுங்கினார். மறுபடி செருகினார்.

"இது எப்படி சார் போகுது?"

"துண்டு துண்டா. ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் உண்டு."

"நடுவுல தொலைஞ்சது?"

"திருப்பி அனுப்பும்."

"எத்தனை தடவை?"

"சேர்ற வரைக்கும்."

டீச்சர் வந்து சேர்ந்த வீடியோவை ஓட்டினார். பிச்சாவரத்தில் ஒரு படகு அலையாத்தி மரங்களுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. ஓரிடத்திலும் தடங்கல் இல்லை.

"நான் வார்த்தை கேட்டேனே டீச்சர்?"

"சொல்லிட்டேனே சார்" என்று டீச்சர் கேபிளைச் சுருட்டி வைத்தார்.

என்ன இந்தப் பெண், கழுத்தறுக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பூவராகன் படி இறங்கினார்.

மறுநாள் வகுப்புக்குப் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதிகாரி கடைசி நாற்காலியில் இருந்தார்.

"சர்வர்னா, கேக்கறவங்களுக்குக் கேட்டதை எடுத்துக் குடுக்கற கம்ப்யூட்டர். இங்க நான் செய்யற வேலைதான். ஐபி முகவரின்னா அதோட கதவு நம்பர்." கூட்டம் தலையாட்டியது. ஜோராகத்தான் போனது. அப்புறம் அது வந்தது.

"நாம அனுப்பற சேதி துண்டு துண்டாத்தான் கிளம்பும். அந்த ஒரு துண்டுதான் ப… ப…"

பின்னால் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். கையில் சாக்பீஸ் இருந்தது, பலகையில் எழுதிவிட்டுத் தப்பித்திருக்கலாம். சாக்பீஸை மேசையில் வைத்தார்.

"பாக்கெட்!"

நூலகமே அதிர்ந்தது.

"இப்பக் கவனிச்சீங்கல்ல? இதான். மூணு தடவை அனுப்பினேன். ரெண்டு வழியில தொலைஞ்சது. மூணாவது சேந்துச்சா?"

"சேந்துச்சு!" என்றாள் முன்வரிசையில் இருந்த இறால் விற்கும் செல்லக்கிளி. எல்லோரும் கை தட்டினார்கள். சிரித்தவன்தான் கடைசி வரை தட்டினான்.

அப்புறம் மனுஷரைப் பிடிக்க முடியவில்லை. கடவுச்சொல்லைத் தூக்கிக் கடாசிவிட்டு பாஸ்வேர்டு என்றார், பிரவுசர் என்றார், பிங் என்றார். ஒவ்வொன்றிலும் திக்கினார், ஒவ்வொன்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதிகாரி அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை டீச்சரிடம் ஓடினார். முகமெல்லாம் பல்.

"ஜெயிச்சுட்டேன் டீச்சர்! ஆனா ரொம்பத் திக்கிட்டேன். கேக்கறவங்களுக்கு வெறுத்துடாதா?"

"நேத்து எத்தனை பேர் இருந்தாங்க?"

"ப… பதினெட்டு."

"அடுத்த வகுப்புக்கு எத்தனை பேர் எழுதி வச்சிருக்காங்க?"

"நாப்பத்தொண்ணு. நேத்து வந்தவங்க எல்லாருமே அதுல இருக்காங்க."

"மிச்சம் இருபத்து மூணு பேரை யாரு சார் அனுப்பினது?"